கும்பினிச் சிங்கம்

அமெரிக்காவில் ஒரு கோஷ்டி இருக்கிறது. பல் டாக்டர், வக்கீல், ரிட்டயர்டு வாத்தியார், மளிகைக்கடைக்காரர் என்று எல்லா ரகமும் அதில் உண்டு. லீவு நாள் வந்தால் பழைய துப்பாக்கி தேடிக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் ஏதோ ஒரு துப்பாக்கி போதாது. 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில் சிப்பாய் கையில் இருந்ததாக இருக்க வேண்டும். கிடைத்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், கட்டையில் குத்தியிருக்கும் முத்திரை யாருடையது, இந்தத் திருகாணி அசலா, பிற்பாடு மாட்டியதா? பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்!

இந்த வேலையை அந்தப் போரிலேயே ராணுவக்காரர்கள் ஆரம்பித்து வைத்துவிட்டார்கள். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் சண்டை. முடிந்ததும் வயல்வெளியில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினார்கள். 27,574. அதில் சுமார் 24,000 துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தது கெட்டித்தபடி இருந்தது. அவற்றிலும் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தோட்டா. ஒரே ஒரு துப்பாக்கிக்குள் மட்டும் 23 தோட்டா! சுட்டோமா இல்லையா என்றே தெரியாமல் எவனோ ஒரு பையன் நடுங்கிக்கொண்டே திரும்பத் திரும்பக் கெட்டித்திருக்கிறான். அவன் பேர் யாருக்கும் தெரியாது. அவன் பயம் மட்டும் கணக்கில் ஏறிவிட்டது.

பழைய துப்பாக்கியைச் சேகரித்து எடை போடுவதில் உள்ள ருசி இதுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நமக்கும் ஓர் உள்நாட்டுப் போர் உண்டு. பாளையக்காரர் போர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கட்டபொம்மன், ஜாக்சன், எட்டப்பன், கயத்தாறு புளியமரம்... மிச்சத்தை சிவாஜி கணேசன் பார்த்துக்கொள்வார். ‘வெள்ளைக்காரனோடு நடந்த சண்டையைப் போய் உள்நாட்டுப் போர் என்கிறாயே?’ என்று சிலருக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள். துப்பாக்கி பிடித்த கைகளை எண்ணிப் பார்த்துவிடுவோம்.

கும்பினிப் படையில் வெள்ளைத்தோல் கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் சம்பளத்துக்குச் சேர்ந்த நம்ம ஊர் சிப்பாய்கள். அவர்களுக்குத் துணையாக எட்டயபுரத்து ஆட்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். மருது சகோதரர்களுக்கு எதிராக சிவகங்கை சீமைக்கு உரிமைக்காரர் என்று கும்பினி கொண்டுவந்து நிறுத்தியது படமாத்தூர் கௌரி வல்லபரை. ஆக, குழலுக்கு இந்தப் பக்கமும் நம்ம ஆள், அந்தப் பக்கமும் நம்ம ஆள். இதை உள்நாட்டுப் போர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இந்தச் சண்டை நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமி நட்டநடுவில் வந்து உட்காரும். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடியைத் தாண்டிப் போனால் எட்டயபுரம். அதற்கும் தெற்கே பாஞ்சாலங்குறிச்சி. தென்கிழக்கே நாகலாபுரம். அந்தப் பாளையத்தைச் சேர்ந்த சவுந்தரபாண்டிய நாயக்கரை 1799-ல் தூக்கில் போட்டார்கள். திருச்சுழிக்குத் தென்கிழக்கே குண்டாற்றோடு போனால் கமுதி. அதன் கோட்டை மிச்சம் இன்றைக்கும் ஆற்றங்கரையில் நிற்கிறது. 1798-ல் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக இழுத்தடித்தாரே, அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதியும் பாவாலி, கமுதி வழியாக இந்தப் பொட்டலில்தான். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியை முடித்துவிட்டு கர்னல் அக்னியூ படையோடு சிவகங்கை சீமைக்குத் திரும்பியபோது நாகலாபுரம் போய், பிறகு திருப்புவனம் வந்தார். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது இந்தக் கரிசல்தான்.

துப்பாக்கிக் கதைக்கு முக்கியமான ஆள் ஒருத்தர் உண்டு. சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர். ராமநாதபுரம் சேதுபதி முத்துராமலிங்கரை 1795-ல் கும்பினி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டது. அவருக்காக மயிலப்பன் 1799 ஏப்ரலில் கிளம்பினார். முதலில் அவர் கைவைத்தது முதுகுளத்தூர் கச்சேரியில். அங்கே இருந்த கும்பினி ஆயுதங்களை அள்ளிக்கொண்டார். பிறகுதான் அபிராமம், கமுதி. அதாவது, கும்பினி துப்பாக்கியைக் கொண்டே கும்பினியைச் சுடுவது. இந்த ஒரு சம்பவத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மயிலப்பனை 1802-ல் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் எப்படி இருந்தன? பாளையக்காரர் ஆட்கள் கையில் பெரும்பாலும் திரித் துப்பாக்கி. உள்ளூர் கொல்லர் பட்டறைச் சரக்கு. நீளக் குழல், அதற்குப் பக்கத்தில் புகைந்துகொண்டே இருக்கும் ஒரு திரி. விசையை இழுத்தால் திரி குனிந்து மருந்தைத் தொடும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கறுப்பு மருந்து. (முப்பது கிலோமீட்டர் தள்ளி சிவகாசி என்று ஓர் ஊர் பிற்பாடு இதே சமாசாரத்தை வைத்துத்தான் உலகப் பெயர் வாங்கியது. ஆனால் 1801-க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அது இருபதாம் நூற்றாண்டு வியாபாரம்.) திரித் துப்பாக்கிக்கு இரண்டு சத்துரு. ஒன்று மழை. இன்னொன்று ராத்திரி. இருட்டில் திரி கனல்வது நூறு பேர் பீடி பிடிக்கிற மாதிரி எதிரிக்குத் தெரியும்.

கும்பினி சிப்பாய் கையில் சிக்கிமுக்கித் துப்பாக்கி. திரி கிடையாது. ஒரு கல்லு இரும்பில் மோதி நெருப்புப் பொறி தெறிக்கும். பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவான். ஆனால் குழலின் உட்புறம் மொழுக்கென்று இருக்கும் என்பதால் நூறு கஜத்தைத் தாண்டினால் குறியை நம்ப முடியாது. இதில் ஒரு வேடிக்கை. 39 அங்குலக் குழல் வைத்த இந்த மாதிரியை கும்பினி தன் செலவைக் குறைக்கச் செய்துகொண்டது. பிரான்ஸோடு சண்டை வந்து பிரிட்டிஷ் சர்க்காருக்குத் துப்பாக்கி பற்றாமல் போனபோது கும்பினியின் சரக்கைத்தான் விலைக்கு வாங்கினார்கள். 1797 முதல் அதே மாதிரியைச் செய்யச் சொல்லி பட்டறைகளுக்கு உத்தரவும் போட்டார்கள். பெயரே ‘இந்தியா பேட்டர்ன்’. 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைச் சுட்டது நம்ம பொட்டல்காட்டுக்காகத் தயாரான மலிவு மாடல்!

ஆயுதம் உசத்தி என்றால் ஜெயம் நிச்சயம் என்றில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஒரு சில நாட்களில் மண்ணாலேயே திரும்ப எழுப்பினார். மார்ச் கடைசியில் கும்பினிப் படை பீரங்கியோடு மோதியது. சுவரில் ஓட்டை விழுந்தது, ஆனால் உள்ளே போக முடியவில்லை. ஓட்டைக்கு அந்தப்பக்கம் நீள ஈட்டிக்காரர்கள். ஏறுகிறவன் துப்பாக்கியை நீட்டுவதற்குள் குத்து விழுந்தது. அங்கே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்பாடு புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். (இதே வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது! குருவையே வேட்டையாட வேண்டி வந்த சிஷ்யன்.) மே 24-ம் தேதிதான், கூடுதல் படை வந்த பிறகு கோட்டை விழுந்தது.

அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களை திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரை. 1802 பிப்ரவரியில் 73 பேரைக் கப்பலேற்றி பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். மனிதர்கள் கணக்கு முடிந்தது.

துப்பாக்கிகள் கணக்கு?

1801 டிசம்பர் 1-ம் தேதி மெட்ராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஓர் அறிக்கை விட்டார். தெற்குச் சீமை முழுக்க ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். பொதுமன்னிப்பு உண்டு, ஆனால் இனி எவனாவது அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு அகப்பட்டால் மரண தண்டனை. பாளையக்காரர்கள் பவிஷுக்காக ஈட்டி பிடித்த ஆட்கள் கொஞ்சம் பேரைக் கூட வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். ‘கலெக்டர்’ என்றால் வரி வசூலிப்பவர் என்று நினைத்திருக்கிறோம். அந்த வருஷம் அவர் வசூலித்தது துப்பாக்கியையும்தான். உலகத்திலேயே பெரிய துப்பாக்கி சேகரிப்பாளர் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி!

நான் படித்தது பி.காம். எதையும் பேரேட்டில் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஆரம்ப இருப்பு: கிராமத்துக்குக் கிராமம் இருந்த திரித் துப்பாக்கிகள், எதிரியிடம் பிடுங்கிய சிக்கிமுக்கித் துப்பாக்கிகள். செலவு: சண்டையில் உடைந்தது, 1799-லும் 1801-லும் பறிமுதல் ஆனது. பறித்ததை கும்பினி பத்திரமாக வைத்துக்கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை. ஊருக்கு ஒரு கொல்லர், துப்பாக்கிக்கு ஒரு குழல் அளவு. ஒரே அளவுக் குண்டை எல்லாவற்றிலும் போட முடியாது. ராணுவத்துக்கு அது வெறும் பழைய இரும்பு. ஒப்படைக்க மனசில்லாதவன் என்ன செய்திருப்பான்? புதைத்திருப்பான். கட்டையைக் கறையான் பார்த்துக்கொள்ளும், குழலைத் துரு பார்த்துக்கொள்ளும். இறுதி இருப்பு ஏறக்குறைய பூஜ்யம்.

அரண்மனைச் சரக்கும் இதே கதிதான். 1855-ல் தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சில வருஷத்தில் அந்த அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. எழும்பூர் மியூசியத்தில் போய் நின்று பார்த்தால் தஞ்சாவூர் கட்டாரிகளும் வாள்களும் பளபளக்கும். அங்கே வந்தது பொறுக்கி எடுத்த கொஞ்சம். பெரும்பகுதி உடைபட்டு இரும்பு விலைக்குப் போனது. ராஜா வீட்டு வாளுக்கே இந்த மரியாதை என்றால், திருச்சுழிப் பக்கத்துக் குடியானவன் வீட்டுத் துப்பாக்கியை யார் சீந்துவார்கள்?

இங்கேதான் அமெரிக்கக் கதையும் நம்ம கதையும் பிரிகிறது. அங்கே போர் முடிந்ததும் விலையைக் கட்டிவிட்டுத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக சிப்பாய்களை அனுமதித்தார்கள். ஜெயித்தவன் வீட்டிலும் தாத்தா துப்பாக்கி, தோற்றவன் வீட்டிலும் தாத்தா துப்பாக்கி. நம்ம ஊரில் தோற்றவன் வீட்டில் துப்பாக்கி இருந்தால் கழுத்தில் கயிறு. ஆகவே 1801-க்குப் பிறகும் ஒரு வீட்டில் துப்பாக்கி உத்தரத்தில் பகிரங்கமாகத் தொங்கியது என்றால், அந்த வீடு எந்தப் பக்கம் நின்றது? சங்கடமான கேள்வி. பல வீடுகளில் இதைக் கேட்க முடியாது.

ஆனால் துப்பாக்கியிடம் கேட்கலாம். விசைக்கு மேலே, பக்கவாட்டில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதய வடிவில் ஒரு முத்திரை, அது நாலு கட்டமாகப் பிரிந்து வி, இ, ஐ, சி என்று நாலு ஆங்கில எழுத்து, தலைக்கு மேல் ‘4’ போல ஒரு குறி இருந்தால் கும்பினியின் பழைய சரக்கு. (அந்தக் காலத்தில் ‘யு’வை ‘வி’ என்று வெட்டுவார்கள். ‘யுனைடெட்’ ஈஸ்ட் இந்தியா கம்பெனி.) 1808 வாக்கில் இதயத்தைத் தூக்கிவிட்டு, கிரீடத்தைப் பிடித்தபடி எழுந்து நிற்கும் சிங்கத்தைப் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் சுடும் முறை. கல்லு மாட்டும் இடுக்கி இருந்தால் பழசு. அதற்குப் பதிலாக ஒரு சின்னக் காம்பும் அதன்மேல் அடிக்கும் சுத்தியலும் இருந்தால் ‘கேப்’ துப்பாக்கி. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்புக்கு இதுதான் பாட்டன். அடித்தாலே வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் யோசனைக்கு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை வாங்கியதே 1807-ல். ராணுவத்துக்கு அது வந்து சேர 1840 ஆகிவிட்டது. ‘இது மருதுபாண்டியர் பிடித்த துப்பாக்கி’ என்று யாராவது கேப் துப்பாக்கியை நீட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பழைய கல்லு துப்பாக்கியைப் பிற்பாடு கேப்புக்கு மாற்றியதும் உண்டு. அப்போது தகட்டில் ஓட்டை அடைத்த தழும்பு இருக்கும்.

போலிகளும் ஏராளம். ஆப்கன் எல்லையில் கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் எந்தத் துப்பாக்கியையும் அச்சு அசலாகச் செய்வார்கள், முத்திரை உள்பட. ஆங்கிலம் தெரியாமல் பார்த்துப் பார்த்து வெட்டுவதால் ‘என்’ எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும்!

கிரீடமும் ‘டவர்’ என்ற சொல்லும் 1850-களின் ஒரு வருஷமும் இருந்தால் அது என்ஃபீல்டு. 1857-ல் தோட்டாக் கொழுப்பு விவகாரத்தில் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த அதே துப்பாக்கி. அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இரண்டு தரப்பும் இதை லட்சக்கணக்கில் இறக்குமதி செய்தன. ஆக, அமெரிக்க சேகரிப்பாளர் தேடும் துப்பாக்கிக்கு இங்கே ஒரு தம்பி கிடைக்கலாம். ஒரே வித்தியாசம். அமெரிக்கனுக்குப் போனதில் குழலுக்குள் திருகு வரி இருக்கும், குண்டு சுழன்று நெடுந்தூரம் போகும். 1857-க்குப் பிறகு இந்திய சிப்பாய்க்கென்று வரி இல்லாத மொழுக்கைக் குழல் தயாரித்துக் கொடுத்தார்கள். இனி கலகம் செய்தாலும் இவன் குறி தப்ப வேண்டும் என்ற முன்ஜாக்கிரதை. குழலுக்குள் விரலை விட்டுத் தடவினாலே அந்த அவநம்பிக்கை தட்டுப்படும்.

அந்த அமெரிக்கப் போர் நம்ம கரிசலையும் ஓர் ஆட்டு ஆட்டியது. லங்காஷயர் மில்களுக்குப் போன பஞ்சில் நாலில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்காவுடையது. வடக்குக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்ததும் பஞ்சு விலை மூன்று மடங்கு ஏறியது. தூத்துக்குடியிலிருந்து ‘டின்னவெல்லி’ என்ற பெயரில் கப்பலேறிய இந்தப் பக்கத்துக் கரிசல் பருத்திக்கு யோகம். 1865-ல் போர் முடிந்தது, விலை விழுந்தது, யோகமும் முடிந்தது.

சில வருஷங்களுக்கு முன் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் ‘ஊமைத்துரை கொடுத்த துப்பாக்கி’ இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மியூசியத்தில் வேலை பார்த்து ரிட்டயரான நண்பர் ஒருவரும் கூட வந்தார். சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் நெருக்கும் ரோடு, குண்டாற்றில் பொட்டுத் தண்ணி இல்லை. வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயசுக்கு மேல். பழைய வேட்டியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருந்ததை இறக்கி வைத்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, தகடு இருந்த இடத்தில் அரை விரல் கனத்துக்குச் சிவப்பு அடை.

“எங்க பூட்டன் ஊமைத்துரை கூட நின்னவரு தம்பி. தொரை தன் கையால குடுத்தது இது.”

நண்பர் சுத்தியலையும் காம்பையும் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். “அய்யா, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கிடைக்குமா?”

எண்ணெய் போட்டு ஊறவைத்து, துணியால் ஒத்தி ஒத்தி எடுத்தார். கால் மணி நேரத்தில் ஒரு வால் தெரிந்தது. அப்புறம் பிடரி. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“சிங்கம்! பாத்தீங்களா தம்பி, சிங்கம்!”

நண்பருக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விடவும் அவர் படித்த படிப்பு விடவில்லை. “அய்யா, இது கும்பினிச் சிங்கம்” என்றார் மெதுவாக.

பெரியவர் அசரவில்லை. “அப்ப எங்க பூட்டன் வெள்ளைக்காரன்ட்ட இருந்து புடுங்கியிருப்பாரு.”

மயிலப்பனை மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்குத்தான். பெரியவர் சொன்னது நடக்காத விஷயம் இல்லை. அப்படிப் பிடுங்கிய துப்பாக்கிகள் நிச்சயம் இருந்தன. ஆனால் அவற்றில் சிங்கம் இருந்திருக்க முடியாது, இதயம்தான் இருந்திருக்கும். ஊமைத்துரையைத் தூக்கில் போட்டு ஏழு வருஷம் கழித்து வந்த சிங்கம் இது. துப்பாக்கியோ இன்னும் முப்பது, நாற்பது வருஷம் பிந்தியது. நண்பர் இதையும் சொன்னார். பெரியவர் பேசாமல் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து அந்த வீட்டு அம்மா குரல் மட்டும் வந்தது. “எங்க மாமியா சொல்லுவாக, இந்த வீட்டு ஆளுக ஜமீன்ல சேவகம் பாத்தவுகன்னு. வரி குடுக்காதவுக வீட்டுக்குத் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயி நிப்பாகளாம்.”

“நீ சும்மா இரு” என்றார் பெரியவர்.

1803-ல் ராமநாதபுரம் சீமையை கும்பினி ஜமீன் ஆக்கியது. திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் அதற்குள் வந்தன. ஜமீனுக்கு வசூல் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்கு ஆயுதம் வேண்டும். அந்த வீட்டுத் துப்பாக்கி எப்படி வந்தது என்று காகிதம் எதுவும் கிடையாது. ஆனால் பரம்பரையாகச் சொன்ன இரண்டு கதைகளில் இரும்போடு ஒத்துப்போவது அடுப்படியிலிருந்து வந்த கதைதான். ஆண்கள் திண்ணையில் வீரத்தைக் காப்பாற்றுகிறார்கள். மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகிற செய்தியில் சேவகமும் வரி பாக்கியும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 1801-க்குப் பிறகு இந்தப் பூமியில் சாப்பிட்டாக வேண்டிய எல்லாரும் யாரோ ஒருத்தருக்குச் சேவகம் பார்த்தவர்கள்தான். கிளம்பும்போது பெரியவர் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். “சிங்கம் இருக்குன்னு எழுதுங்க தம்பி. மத்தத எழுதாதீங்க.” அதனால்தான் ஊர் பேர், ஆள் பேர் எதுவும் இங்கே இல்லை.

பக்கத்தில் இருக்கிற குடகுக்குப் போனால் காட்சியே வேறு. அங்கே 1861-லிருந்து கொடவர்களுக்கு ஆயுத லைசென்ஸிலிருந்து விலக்கு. செப்டம்பரில் கைல்போத் பண்டிகைக்கு வீட்டுத் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். பரணில் ஒளிக்க வேண்டியதில்லை. 2019-ல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. ஒரு மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் நம்பினான், இந்தப் பக்கம் நம்பவில்லை. இரண்டும் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

நமக்கு என்ன சட்டம்? 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரனை விட்டுவிட்டு இந்தியனை மட்டும் லைசென்ஸ் கேட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்தது. அதில் 45-வது பிரிவு ஒரு சலுகை தருகிறது. வழக்கொழிந்த மாதிரியோ, தொன்மை மதிப்பு உள்ளதோ, பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் அந்தச் சட்டம் அதைத் தொடாது. கவனியுங்கள், ‘பழசு’ என்பது மட்டும் போதாது. சுட முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி. நூறு வருஷம் தாண்டியிருந்தால் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் தோண்டும்போது கிடைத்தால் 1878-ன் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். (மறுபடி கலெக்டர்!) இதற்கெல்லாம் பயந்து பழைய துப்பாக்கியைக் கிணற்றில் வீசுவதோ, இரும்புக் கடையில் போடுவதோ வேண்டாம். விவரம் தெரிந்த வக்கீலையோ மாவட்ட மியூசியத்தையோ கேட்டுவிட்டு முறையாக ஒப்படைக்கலாம். ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதிகள் காலத்து ஆயுதங்களை அப்படித்தான் ஜனங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். முத்திரையும் சேர்ந்து போய்விடும். எண்ணெய்யும் துணியும் போதும். அதற்கும் முன்னால் ஒரு வேலை. குழலை ஆள் இல்லாத திசையில் வைத்து, முகத்தைக் குழல் வாய்க்கு நேராகக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். போன நீளத்தைக் கையால் குறித்துக்கொண்டு, குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். சுத்தியல் அடிக்கும் இடம் வரைக்கும் எட்டினால் குழல் காலி. மூன்று, நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே யாரோ கெட்டித்த மருந்து இன்னும் இருக்கிறது. நூறு வருஷம் ஆனாலும் கறுப்பு மருந்துக்கு உயிர் உண்டு. நோண்டாமல் கீழே வைத்துவிட்டு போலீஸுக்கு போன் பண்ணுங்கள்.